நான் எழுதிய ஒரு வரி

தூத்துக்குடியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. மதராஸில் டாக்டர் படிப்பை முடித்து, அதற்கு மேல் ஒரு வருஷம் பேத்தாலஜியில் பயிற்சி எடுத்திருந்தேன். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் படிப்பு அது. பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டுதான் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்த என் அப்பாவுக்கு நான் என்ன படித்தேன் என்பது கடைசிவரை விளங்கவில்லை. "இவ பிரசவம் பாப்பாளா, மாட்டாளா? ஊர்ல கேக்காங்க, நான் என்னத்தச் சொல்ல?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஒரு தேக்குப் பெட்டி உண்டு. அதில் இருநூறு ஸ்லைடுகள், வரிசையாக நம்பர் ஒட்டி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை. பரீட்சையில் மைக்ராஸ்கோப்புகளை நீள மேஜையில் வரிசையாக வைத்து மணி அடிப்பார்கள். ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்ததற்கு நகர வேண்டும். எங்கள் கூட்டத்தில் நான்தான் வேகம். மணி அடிக்குமுன் எழுதி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உடன் படித்த ஒருவர் ஒரு தடவை "நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதிவைத்தார். அதற்குப் பூஜ்யம் போட்டதோடு, வகுப்பில் அதை வாசித்தும் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. சதை ஒரு குப்பியில் வரும். கூட ஒரு சீட்டு வரும். அவ்வளவுதான்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் என்னை எடுத்துக்கொண்டவர் அங்கிருந்த பெரிய சர்ஜன். ஆத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பெண்ணுக்கு எதற்கு லேபரட்டரி என்று கேட்ட நிர்வாகத்தாரிடம் மல்லுக்கு நின்று, பழைய துணி வைத்திருந்த அறை ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தார். "மெட்ராஸுக்கு அனுப்பினா பதில் வரதுக்கு ஒரு மாசம் ஆகுது. அதுக்குள்ள ஆளு போயிருதான். நீ இங்கன இருந்தா எனக்கு ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும்லா?" என்றார். தெரியும் சார் என்றேன்.

அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தது. கடல் காற்றின் உப்பில் சதை சீவும் கத்தி ஒரே ராத்திரியில் துருப் பிடிக்கும். தினமும் எண்ணெய் தடவி, தோல்வாரில் தீட்டி, துணியில் சுற்றி வைப்பேன். மெழுகு கிடைப்பது கஷ்டம். மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது, ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு ஆள் கிடையாது. எல்லாம் நானேதான். இருந்தாலும் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறு மாதத்தில் நான் சொன்னது எதுவும் தப்பவில்லை. பிரசவ வார்டு நர்சுகள்கூட என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் குப்பி வந்தது. சீட்டில் சர்ஜனின் கையெழுத்தில் நாலு வார்த்தை: ஆண், வயது முப்பது, தொடையில் கட்டி, சார்கோமாவா? சார்கோமா என்பது சதையிலும் எலும்பிலும் வரும் கொடிய புற்று. கட்டியின் நடுவிலிருந்து பட்டாணி அளவு எடுத்து அனுப்பியிருந்தார். எக்ஸ்-ரே எடுத்திருக்கலாம். யுத்தத்தில் ஃபிலிம் வராததால் அந்த மெஷின் பல மாதமாக மூடிக் கிடந்தது.

இரண்டு நாளில் ஸ்லைடு தயாராயிற்று. நல்ல வெயில் நேரத்தில் பார்த்தேன். செல்கள் தாறுமாறாகக் கிடந்தன. பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, எங்கு பார்த்தாலும் இரண்டாகப் பிரிந்துகொண்டு இருந்தன. நடுநடுவே எலும்பாகப் போகிற பொருள் இளஞ்சிவப்பாகச் சிந்திக் கிடந்தது. கல்லூரிப் பெட்டியில் பார்த்த சார்கோமா ஸ்லைடு அப்படியே என் கண்முன் வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு.

உள்ளே எங்கோ ஒரு சின்ன உறுத்தல் இருந்தது என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அது பொய். எந்த உறுத்தலும் இல்லை. ரிப்போர்ட் தாளில் "எலும்பு உண்டாக்கும் சார்கோமா" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சர்ஜன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலுக்கே வந்தார்.

"வாலிபப் பையன்மா. காலை மேலோட எடுக்கணும். மெட்ராஸுக்கும் ஒண்ணு அனுப்பிப் பாத்துருவோமா?"

"பதில் வர ஒரு மாசம் ஆகும் சார். அதுக்குள்ள நெஞ்சுக்குப் பரவிரும்."

"நிச்சயந்தான?"

"நிச்சயம் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆண்கள் வார்டு என் அறையிலிருந்து ஐம்பது அடி தூரம். அந்த மனிதர் அங்கேதான் படுத்திருந்தார். நான் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய வலது காலைத் தொடையின் மேல்புறம் நாலு விரல் அளவு மட்டும் விட்டு எடுத்தார்கள். கால் என் அறைக்கு வந்தது. வெள்ளைத் துணியை விலக்கியபோது முதலில் பாதத்தைப் பார்த்தேன். கடலிலேயே கிடந்து தோல் தடித்து வெளுத்த பாதம். கட்டியை வெட்டி எடுத்து மருந்துக் குப்பியில் போட்டேன். மிச்சத்தை மருந்து ஊற்றி மூடிவைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவர் மனைவி என் அறை வாசலுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். தருவைகுளத்து வேதக்காரக் குடும்பம். கழுத்தில் ஜெபமாலை. உள்ளே வரத் தயங்கி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, அவுக கால் இங்கனதான் இருக்குன்னு சொன்னாக."

"ஆமா."

"குடுத்தா கொண்டுபோயிருவோம். கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணணும். சாமியார்கிட்ட சொல்லியாச்சு. கடைசி நாள்ல உயிர்த்து எழும்பும்போது முழுசா இருக்கணும்லா."

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். கெட்டுப்போகாதா என்று கேட்டாள். மருந்தில் இருக்கிறது, கெடாது என்றேன். அவள் சும்மா நின்றதால், பேச்சுக்காகத்தான், எவ்வளவு நாளாக அந்தக் கட்டி இருந்தது என்று கேட்டேன்.

"கல்லு இடிச்ச நாள்ல இருந்துதாம்மா."

"என்ன கல்லு?"

அவள் சொன்னாள். அவர் சங்கு குளிக்கிறவர். அவர் அப்பா காலத்தில் முத்துக் குளிப்பு இருந்தது, அது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. குளிக்கிறவர்கள் அடித்தரைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்காகக் கயிறு கட்டிய கனமான கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு, கல்லை வள்ளத்துக்கு இழுக்கும்போது கயிறு நழுவி, தண்ணீரில் நின்றிருந்த அவருடைய தொடையில் வந்து இடித்திருக்கிறது. கன்றிப்போய் வீங்கி, அப்புறம் வீக்கம் இறுகிக் கல்லுப்போல் ஆகிவிட்டது.

"கடைசி வாரத்துல வலி கொறஞ்சுட்டுன்னாக. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னாக. நான்தான் அழுது இழுத்துட்டு வந்தேன். நல்ல வேளை வந்தோம்" என்றாள்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். படிப்பில் எங்கோ ஒரு மூலையில் நாலு வரி படித்திருந்தேன். பலமாக அடிபட்ட தசையில் ரத்தம் கட்டி, அது ஆறும்போது எலும்பாக மாறுவது உண்டு. ஆறுகிற வேகத்தில் அதன் நடுப்பகுதி புற்று மாதிரியே கலைந்து தெரியும். ஓரத்துக்கு வர வர ஒழுங்காகி, நல்ல எலும்பாக முடிந்திருக்கும். புற்றுக்கு அப்படி ஓர் ஒழுங்கான கரை இருக்காது. கரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சர்ஜன் அனுப்பியதோ நடுவிலிருந்து எடுத்த துணுக்கு.

குப்பியில் இருந்த கட்டியை எடுத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் துண்டு போட்டேன். ஓரத்தை அறுக்கும்போதே கத்தி கரகரவென்றது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்து இளக்கி, மெழுகில் பதித்து, சீவி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று நினைவில்லை. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினேன். கலைந்து கிடந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்கு வந்தன. கரையில் ஓடு மாதிரி முதிர்ந்த எலும்பு சுற்றி நின்றது. யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத எலும்பு. விட்டிருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்கி அடங்கியிருக்கும். அவர் மறுபடி கடலுக்குப் போயிருப்பார்.

ஸ்லைடுகளை மதராஸுக்கு, என் பேராசிரியருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. புற்று இல்லை, அடிபட்டு ஆறிய காயம் என்று எழுதியிருந்தார். அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவது உண்டு, அடிபட்ட விவரத்தை யாராவது கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றும் இருந்தது. கூடவே பஞ்சில் சுற்றி ஒரு ஸ்லைடு. இதே நோய்தான், கல்லூரி அலமாரியில் வெகுகாலமாக இருப்பது, மாணவர்களைக் குழப்பும் என்பதால் பெட்டியில் வைப்பதில்லை என்று எழுதியிருந்தார்.

கடிதத்தைச் சர்ஜனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.

"கத்தி பிடிச்சது நான். நானும் அவன்கிட்ட அடிபட்டுச்சான்னு கேக்கலை" என்றார்.

"அவர்கிட்ட சொல்லணும் சார்."

"சொல்லி? கால் முளைக்கவா போவுது? அந்தப் பயலுக்கு உசிரு பொழச்சோம்னு ஒரு திருப்தியாவது இருக்கு. விடு."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பெரியவர் சொல்லிவிட்டார் என்று நான் விட்டுவிட்டேன். கால் ஏற்கெனவே தருவைகுளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. பெட்டி செய்து, ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணினார்களாம். ஸ்லைடுகள் மட்டும் என் மேஜை இழுப்பறையில் கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. காயம் ஆறி ஊருக்குப் போன அந்த மனிதர், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்க்க வர ஆரம்பித்தார். கையில் ஓலைப் பெட்டி, அதில் விளமீன். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். வெளியே டாக்டருக்காகக் காத்திருக்கிற ஜனங்களிடம் என்னைக் காட்டுவார்.

"இந்த அம்மா கண்ணாடியில பாத்துச் சொன்னதுனாலதான் நான் இருக்கேன். இல்லன்னா கல்லறையிலதான் கெடப்பேன். சார்கோமான்னு ஒரு சீக்கு, கேட்டிருக்கியளா? வந்தா ஆள் தப்பவே முடியாதாம். நான் தப்பிட்டேன்."

அந்த வியாதியின் பெயரை அவர் அழகாக உச்சரிப்பார். ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. அவர் ஆரோக்கியமாக இருக்க இருக்க, ஆஸ்பத்திரியில் என் பெயர் உயர்ந்தது. அந்தப் புற்றிலிருந்து ஒருவர் இவ்வளவு நாள் பிழைத்ததே இல்லை என்று மற்ற டாக்டர்கள் பேசினார்கள். அவர் வருகிற நாளில் சர்ஜன் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. சர்ஜன் ஓய்வு பெற்றுப் போகும்போது மட்டும், "அந்த தருவைகுளத்துக்காரன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறார் சார் என்றேன்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மதராஸில் கல்லூரியிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போவதற்குமுன் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். யார் தலையில் இறக்கப் போகிறேன் என்று யோசிக்கவில்லை.

பஸ்ஸில் போய் இறங்கி, மணலில் நடந்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் கரையில் கிழிந்த வலை பொத்தப் போயிருந்தார். அவள் முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பெஞ்சு கொண்டுவந்து போட்டாள். அவரைக் கூட்டிவர ஆள் அனுப்புகிறேன் என்று எழுந்தவளை நிறுத்தினேன். அவர் வருமுன் இவளிடம் சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும் என்று தோன்றிவிட்டது.

சொன்னேன். முதலிலிருந்து, எதையும் மறைக்காமல், அவளுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னேன். அது புற்று இல்லை, கல் இடித்த காயம்தான், தானாக ஆறியிருக்கும், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன்.

அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு காக்கை கருவாட்டை எடுத்துக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை.

"இத அவுகட்ட சொல்லத்தான் வந்தீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சொல்லாதீக."

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"அவுக அந்தக் கால நெனச்சு ஒருநாளும் அழுததில்ல. ஆண்டவரு காலை எடுத்துக்கிட்டு உசிரத் தந்தாருன்னு சொல்லுவாக. அதச் சொல்லிச் சொல்லித்தான் இருக்காக. இப்ப வந்து சும்மாதான் எடுத்தோம்னு சொன்னீகன்னா, அப்புறம் அவுகளுக்கு என்ன இருக்கு?"

"மறைச்சு வச்சது தப்புன்னு நெனச்சேன்" என்றேன்.

"தப்புதான். அத நீங்களே வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்லா, டாக்டரம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், "வரமாட்டேன்னுதான் சொன்னாக. நான்தான இழுத்துட்டு வந்தேன்" என்றாள்.

அப்போதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு எனக்குப் புரிந்தது. முதலாவதையாவது தெரியாமல் செய்தேன்.

அதற்குள் யாரோ சொல்லி, அவர் ஊன்றுகட்டையை மணலில் குத்திக் குத்தி வேகமாக வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏளா, அம்மாவுக்குக் காப்பி போட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கால் போன கதையை, சார்கோமாவை, நான் கண்ணாடியில் பார்த்ததை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அடுப்படி வாசலில் நின்று, கேட்க வேண்டிய இடங்களில் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மதராஸுக்கு ரயிலேறும் நாளில் அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்தார். அவள் வரவில்லையா என்று கேட்டேன். "அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல. இப்பம்லாம் சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கா. ஒரு நாளைக்கு உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க கெளம்பிட்டீக" என்றார். ஊன்றுகட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். வண்டி நகர்ந்த பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றார்.

கல்லூரியில் நான் இருபத்தைந்து வருஷம் பாடம் சொன்னேன். நோயாளியை நேரில் பார்த்துப் பேசாமல் என் மாணவர்கள் ஒரு ஸ்லைடையும் பார்க்கக் கூடாது என்று சட்டம் வைத்தேன். கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்தேன். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. தப்பியிருந்தாலும் அது தருவைகுளத்துக் கணக்கில் சேராது.

நான் மதராஸ் வந்து சில வருஷங்களில் அவர் காய்ச்சல் கண்டு இறந்துபோனதாகப் பழைய நர்ஸ் ஒருத்தி எழுதினாள். கடைசிவரை எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படியென்றால் அவர் மனைவி அவரிடம் சொல்லவில்லை. எத்தனை வருஷம் ஒரே வீட்டில், தினமும் அவரைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தாளோ. அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.